உன்னை மேடைக்கு அழைக்காததற்கு நானே காரணம்

சேவியர்,

போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "என்னம்மா, இந்த வருஷம் காலேஜ் அலம்னை மீட்டுக்கு என்னக் கூப்பிடவே இல்ல? அரிசி மில்லுல கணக்குப் பாக்குற யாரையோ பேச வைக்கிறாங்களாம், குரூப்புல ஒருத்தன் போட்டிருந்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்புக்கு அடியில் வருத்தம் இருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "மீட்டிங் வந்துருச்சும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன்னை அழைக்க வேண்டாம் என்று பழைய மாணவர் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். ஓய்வு பெற்ற நூலகர் என்கிற மரியாதைக்காக என்னை அந்தக் கமிட்டியில் வைத்திருக்கிறார்கள். பழைய மாணவர்களில் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் ஒரு பெயரை வேண்டாம் என்றால் மறுபேச்சு இருக்காது. அந்த உரிமையை இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினேன், அதுவும் நான் பெற்ற பிள்ளைக்கு எதிராக.

அரிசி மில்லில் கணக்குப் பார்க்கிறவர் யார் என்று நீ கேட்கவே இல்லை. பிரகாசம்தான். உனக்கு அவன் பிரகாசம் அண்ணன். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் இருக்கிறான். அவனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தவன், அப்படியே இங்கேயே தங்கிவிட்டான். நீ அவனிடம் பேசி எத்தனை வருடம் ஆகிறது என்று உனக்கே தெரிந்திருக்காது.

உன்னை அவனோடு ரயில் ஏற்றிவிட்ட சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தஞ்சாவூர் ஸ்டேஷனில் அப்பா உன் பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார், கீழே வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. அப்போது பிரகாசம் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தான். நம் கல்லூரியில் உனக்கு முன்னால் படித்தவன், என் வாசிப்பறையில் மூடுகிற நேரம் வரை உட்கார்ந்திருக்கிற பையன். நீ டிகிரி முடித்துவிட்டு ஆறேழு மாதமாக வீட்டில் இருந்தாய். லீவுக்கு வந்தவனிடம் நான் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். "எங்கூட அனுப்புங்க மேடம்" என்றான், யோசிக்கக்கூட இல்லை. ரயில் நகரப் போகிற நேரத்தில் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரகாசம், உன்ன நம்பித்தான் அனுப்புறோம்" என்றார். "வேல கெடைக்கிற வரைக்கும் என் ரூம்லதான் சார் இருப்பான். நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றான் அவன். அப்பா அன்று நிம்மதியாகத் தூங்கினார். நான் பார்த்தேன்.

அவன் உனக்குச் செய்ததெல்லாம் நீ வாரம் ஒரு முறை போனில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சைதாப்பேட்டையில் இரண்டு பேர் இருந்த அறையில் உன்னை மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டான். உன் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, தெரியாததைத் தெரியும் என்று எழுதாதே என்று கோடு போட்டு அடித்துவிட்டுத் திரும்ப எழுத வைத்தான். இன்டர்வியூவுக்குப் போகும்போது அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பைக்கில் கூட்டிக்கொண்டு போய், கம்பெனி வாசலில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். ஓர் இடத்தில் உன்னை வேண்டாம் என்று சொன்ன பிறகு அவனே உள்ளே போய், "பையன் எதுல விட்டான்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்குவான் சார்" என்று கேட்டிருக்கிறான். இங்கிலீஷ் பேச வரவில்லை என்றார்களாம். அடுத்த நாளிலிருந்து காலையில் அவன் சவரம் செய்துகொண்டிருக்க, நீ பக்கத்தில் நின்று இங்கிலீஷ் பேப்பரை உரக்கப் படிக்க வேண்டும், தப்பு வந்தால் நுரை முகத்தோடு திரும்பித் திருத்துவான். இதைச் சொல்லி நீ எவ்வளவு சிரித்தாய். கடைசியில் வேலை கிடைத்த அன்று அழுதுகொண்டே சொன்னாய்: "அண்ணன் மட்டும் இல்லேன்னா நான் ஊருக்குத் திரும்பி வந்திருப்பேம்மா." அப்பா அந்த வாக்கியத்தைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் போய்விட்டார், அதனால் நீ பிறகு மேடையில் பேசியதைக் கேட்கவில்லை. அந்த மட்டில் ஆண்டவருக்கு நன்றி.

மூன்று வருடத்துக்கு முந்தைய சந்திப்பில் நீதான் சிறப்பு விருந்தினர். கல்லூரி வாசலில் உன் படம் போட்ட ஃபிளெக்ஸ். நான் முதல் வரிசையில், இருக்கிறதிலேயே நல்ல பட்டுப்புடவையில். நன்றாகப் பேசினாய், அதில் சந்தேகமே இல்லை. பசங்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். "எழும்பூர்ல ஒரே ஒரு பையோட எறங்குனேன். அந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. யாரும் எனக்குக் கை கொடுக்கல, யாரும் வழி சொல்லல. நானே விழுந்தேன், நானே எழுந்தேன். என்னால முடிஞ்சா உங்களால முடியாதா?" என்றாய். மண்டபமே தட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால், நாலாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் பிரகாசம். அவனும் தட்டிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் நீ அவனைப் பார்த்தாய். "அண்ணே! எப்டி இருக்கீங்க?" என்று தோளில் கை போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டாய். அதற்குள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார், போய்விட்டாய். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவனே சொன்னான்: "மேடையில அப்படிச் சொன்னாத்தான் மேடம் எடுபடும். விடுங்க." இலையில் இருந்த பாயசத்தைத் தொடாமல் மூடிவிட்டு எழுந்து போனான். நான் வீட்டுக்கு வந்த பிறகு உன்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். விருந்தாளி மாதிரி ஒரு நாளைக்கு வருகிற பிள்ளை, முகம் சுளிக்க வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெயரைச் சொல்லாமல் விட்டது பிரகாசத்துக்கு மட்டும் செய்த துரோகம் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் அது கெடுதல் செய்யும் என்பது பிறகுதான் புரிந்தது.

அதே மேடையில்தான் நீ வழிகாட்டித் திட்டத்தையும் அறிவித்தாய். ஒவ்வொரு பழைய மாணவரும் நாலைந்து பிள்ளைகளை எடுத்துக்கொள்வது, படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்வரை கூடவே இருப்பது. "எந்நேரமும் என்னக் கூப்பிடலாம்" என்று உன் நம்பரை மைக்கிலேயே சொன்னாய். உன் பங்குக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி கௌசல்யா. நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெண். கீழ்வேளூருக்கு உள்ளே ஒரு கிராமம், அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்கிறவர்கள். அரசு விடுதியில் தங்கி வேதியியல் படித்தாள். வீட்டில் பிளஸ் டூவைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக மேற்படிப்புக்கு எழுதிப்போட்டு, திருச்சியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இடமும் வாங்கியிருந்தாள். சந்தோஷமாக உன்னிடம் சொல்லக் கூப்பிட்டாள். அதுதான் உங்கள் முதல் நீளமான பேச்சு.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம். அவள் என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். "எம்.எஸ்சி. எல்லாம் வேஸ்ட்டும்மா. அத முடிச்சு, பி.எட். முடிச்சு, எப்ப டீச்சர் ஆகப் போற? சென்னைக்கு வா. சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணு. எங்க கம்பெனியில ஆள் எடுத்துக்கிட்டே இருக்காங்க, நான் ரெஃபர் பண்ணிடுறேன். பயப்படாத, நான் எப்படி வந்தேன், யாரு இருந்தா எனக்கு?" அவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சென்னையில் தங்க இடம் உண்டா, ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் தாங்குமா என்று நீ கேட்கவில்லை. கார் ஓட்டிக்கொண்டே பேசினாயாம், ஹாரன் சத்தம் கேட்டதாம். அவள் திருச்சிக்குப் போய் இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். துறைத் தலைவர் திட்டியிருக்கிறார். "சேவியர் சார் சொல்லிருக்காங்க சார்" என்று இவள் பதில் சொன்னாளாம்.

சென்னைக்குப் போனாள். அதற்கான பணத்துக்கு வீட்டில் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேளச்சேரியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி அந்தக் கோர்ஸை முடித்தாள். முடித்ததும் உனக்குச் செய்தி அனுப்பினாள். "சூப்பர்ம்மா, ரெஸ்யூம் அனுப்பு" என்று போட்டாய். அனுப்பினாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாய். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாய். பிறகு நீ பார்த்துவிட்டதாக நீலக் குறி மட்டும் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. ஒரு நாள் நீ அந்த வழிகாட்டித் திட்டப் பிள்ளைகளின் குரூப்பிலிருந்தே வெளியேறியிருந்தாய். நீ கம்பெனி மாறிப் பெங்களூர் போய்விட்டதை, நீ இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம். பழைய கம்பெனியில் அவளைச் சிபாரிசு செய்ய இனிமேல் உன்னால் முடியாது என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் படத்தின் கீழே "வாழ்த்துகள் சார்" என்று எழுதினாள். நீ அதற்கு ஒரு இதயக் குறி போட்டாய்.

இதையெல்லாம் நான் தேடிப் போய்த் தெரிந்துகொள்ளவில்லை. போன ஆடியில் வயிற்று வலி என்று உன்னிடம் சொன்னேனே, அதற்கு ஸ்கேன் எடுக்க மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு சென்டருக்குப் போயிருந்தேன். டோக்கன் கொடுக்கிற பெண் தலை நிமிராமல் பெயர் கேட்டாள். சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். "லைப்ரரி மேடம்! நான் கௌசல்யா." தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அவளே பாட்டில் வாங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் என்னிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "சார் நல்லா இருக்காங்களா மேடம்?"

நல்லா இருக்கான் என்றேன். நீ எப்படி இங்கே என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, நடுநடுவே யாராவது வந்து டோக்கன் கேட்பார்கள், போய்க் கொடுத்துவிட்டு வருவாள். உன்னைக் குறை சொல்லி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. சென்னையில் அவளாகவே ஏறி இறங்கிய கம்பெனிகளைச் சொன்னாள். எல்லா இடத்திலும் அனுபவம் கேட்டார்களாம். கடைசியில், "சார் தனியாப் போயே ஜெயிச்சாங்க மேடம். எனக்கு இவ்வளவு சொல்லிக் குடுத்தும் முடியல. எனக்குத்தான் தைரியம் பத்தல" என்றாள்.

"அவன் தனியாப் போகலம்மா" என்றேன். பிரகாசத்தைப் பற்றிச் சொன்னேன். ரயில், அறை, டீக்கடை, பேப்பர் படித்தது, எல்லாவற்றையும். அவள் கண் கொட்டாமல் கேட்டாள். "அப்ப ஏன் மேடம் சார் அப்படிச் சொன்னாங்க?" என்றாள். சேவியர், அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். பதில் உன்னிடம் இருந்தால் எனக்கு எழுது. உனக்குக் கை கொடுத்த ஆளை மறைத்தால் உன் உயரம் கூடித் தெரியும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்கிற பிள்ளை, தனக்கு ஒரு கை தேவைப்படுகிறது என்பதையே வெட்கமாக எடுத்துக்கொள்கிறது. நீ அவளுக்கு வேலை வாங்கித் தராததைவிட இதுதான் என்னை அறுக்கிறது. வேலை இல்லாமல் போனதோடு, அது தன் தப்பு என்று நம்பிக்கொண்டும் அவள் ஊர் திரும்பியிருக்கிறாள்.

திரும்ப எம்.எஸ்சி.க்கு எழுதிப் போடக் கூடாதா என்று கேட்டேன். "தங்கச்சி காலேஜ் சேர்ந்துட்டா மேடம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படிக்க முடியாது. அவ முடிக்கட்டும்" என்றாள். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னதையும் உனக்கு ஒப்பிக்கட்டுமா? "நான் ஐடியாதாம்மா குடுத்தேன், முடிவு அவங்களோடதுதானே. வேல வாங்கித் தர்றேன்னு எழுதியா குடுத்தேன்? எத்தன பேருக்குச் சொல்றேன், எல்லாரும் கழுத்தப் பிடிச்சா நான் என்ன பண்றது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணும் இன்னும் கொஞ்சம் டிரை பண்ணியிருக்கணும்மா" என்றாய். கடைசியில் பெரிய மனது பண்ணி, "சரி, நம்பர் அனுப்புங்க, பாக்குறேன்" என்றாய். நம்பர் உன் போனிலேயே இருக்கிறதுடா. நீ பதில் போடாத செய்திகளெல்லாம் அந்த நம்பரிலிருந்துதான் வந்தன.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்தால் என்னால் வெறுத்துவிட்டுப் போக முடியும். பேசுகிற நேரத்தில் நீ உண்மையாகவே உதவ நினைக்கிறாய். அந்தப் பேச்சு முடிந்ததும் உன் வேலையும் முடிந்துவிடுகிறது. எதிரே இருக்கிறவளுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவள் அதை நம்பி ஒரு கல்லூரி இடத்தை விடுகிறாள், பஸ் ஏறுகிறாள், ஊர் மாறுகிறாள். "என்னால இப்ப முடியாதும்மா, நான் கம்பெனி மாறப் போறேன், நீ திருச்சிக்கே போ" என்று ஒரு வரி போட்டிருந்தால் அவள் இந்நேரம் எம்.எஸ்சி. முடித்திருப்பாள். முடியாது என்று நேரத்தோடு சொல்வதும் வழிகாட்டுவதுதான். அந்த ஒரு வரியில் உன் மதிப்பு குறைந்துவிடும் என்று பயந்தாய், அவ்வளவுதான்.

பிறகு ஐப்பசியில் சங்கக் கூட்டம். வெளியே நல்ல அடைமழை, அதனால் வந்தவர்கள் குறைவு. செயலாளர் எடுத்த எடுப்பில், "சேவியரையே கூப்பிட்டுடுவோம் மேடம், பிரமாதமாப் பேசுறாப்ல, பசங்களும் கேக்குறாங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஏதோ அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். "அவன் பேச்சைக் கேட்டு ஒரு பொண்ணு படிப்ப விட்டுட்டு ஸ்கேன் சென்டர்ல டோக்கன் குடுத்துக்கிட்டிருக்கு. அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு அவன் மேடை ஏறட்டும்" என்றேன். கமிட்டியில் இருக்கிற பிரகாசம் மட்டும் உனக்காகப் பேசினான், அதையும் கேட்டுக்கொள். "ஒரு தடவ தவறிப்போச்சு மேடம், அதுக்காக மொத்தமா ஒதுக்கிடக் கூடாது. பெரிய எடத்துல இருக்கான், அவனால நாலு பேருக்கு ஆகும்" என்றான். நீ பந்தியில் படம் எடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் பிரகாசம்தான்.

மேடையே வேண்டாம் என்று அன்றைக்கு முடிவானது. மாதம் ஒரு சனிக்கிழமை பழைய மாணவர் ஒருவர் நூலகத்தில் வந்து உட்கார வேண்டும், மைக் கிடையாது, மாலை கிடையாது. முதலில் பிரகாசத்தை வரச் சொன்னோம். அதுதான் நீ குரூப்பில் பார்த்தது. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, நான் பொய் சொல்லப்போவதில்லை. அவனுக்குப் பேச வராது. மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள். மிச்சம் இருந்த ஒரு பையன், "உங்க சம்பளம் எவ்ளோ சார்?" என்று கேட்டான். பிரகாசம் மறைக்காமல் சொன்னான். சென்னையில் வாங்கியதையும் இப்போது வாங்குவதையும் சொல்லி, எது ஏன் குறைந்தது என்றும் சொன்னான். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன. வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வெளியூர் போகலாமா கூடாதா என்று ஒரு பெண் கேட்டாள். "எனக்குத் தெரியாதும்மா. உங்க வீட்டுல வேற யாரு இருக்கா, மொதல்ல அதச் சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். உன்னிடம் அந்தப் பெண் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பாய்.

போன வாரம் பால் என்று சொல்லி நான் போனை வைக்கப் போகும்போது, நீயாகவே ஊகித்து, "சரி, அந்தப் பொண்ணு விஷயம்தான் காரணம்னா நானே பேசிச் சரி பண்ணிடுறேம்மா. புதுக் கம்பெனியில ஏதாவது பாப்போம்" என்றாயே, எனக்கு உள்ளுக்குள் ஒரு சபலம் தட்டியது. பெற்றவள்தானே. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் திருவாரூர் போய், அங்கிருந்து கீழ்வேளூர் பஸ் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஊருக்குப் போய்விடுவாள் என்று தெரியும். சம்பா அறுப்பு நடக்கிறது. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள், பஸ் தட்டுத் தடுமாறித்தான் போனது. அவளுடைய அம்மா வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் போய் நாற்காலி வாங்கிவந்து போட்டார். "உக்காருங்க டீச்சர். உங்க புள்ளதான் எங்க கௌசிக்கு எவ்வளவோ சொல்லிக் குடுத்தாராம். இதுதான் அங்க போயி சரியாப் பண்ணாம வந்துருச்சு. படிச்ச புள்ள, என்ன செய்யிறது. தம்பிகிட்ட கோச்சுக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

நான் கௌசல்யாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் காப்பி போட உள்ளே போய்விட்டாள். அவர் கொடுத்த காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று கேட்காதே. எழுந்து கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை அவள் கூட வந்தாள். வாய்க்கால் கரை தாண்டியதும், "வீட்டுல ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"இன்டர்வியூல நான்தான் கோட்ட விட்டேன்னு சொன்னேன் மேடம். சார் ரிப்ளை பண்ணலன்னு சொன்னா, அப்பா இனிமே யாரையும் நம்ப மாட்டாரு. தங்கச்சியையும் எங்கயும் அனுப்ப மாட்டாரு."

வந்த காரியத்தைச் சொல்லியாக வேண்டுமே. "அவன் உங்கிட்டப் பேசுறேங்கிறான்மா. இப்ப இருக்கிற எடத்துல ஏதாவது செய்யிறேங்கிறான்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வேணாம் மேடம்" என்றாள் உடனே.

"கோவமாம்மா?"

"கோவம்லாம் இல்ல மேடம்." தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவள் கையை நீட்டி நிறுத்திக்கொண்டே சொன்னாள்: "சார் ரொம்ப நல்லாப் பேசுவாங்க. பேசுனாங்கன்னா நான் திரும்ப நம்பிடுவேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை என் கூடவே வந்தது. பிரகாசத்தைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு என்று சொல்ல நினைத்தேன், அதை உன் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். மேடை வேண்டும் என்றால் வேறு கல்லூரிகள் உன்னைக் கூப்பிடாமல் இருக்கப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். கௌசல்யாவைக் கூப்பிடாதே, செய்தி போடாதே, இதயக் குறி எதுவும் போடாதே. கூப்பிட மாட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது. எழுதியபடி, இந்த ஒன்றையாவது, செய்.

அம்மா